ஹரே கிருஷ்ண இயக்கம்: புதிய மதமா, பழைய ஸம்ப்ரதாயமா?

சென்ற சித்திரை மாதத்தில், உறவினர் ஒருவரின் இல்லத்தில் சில நாள் தங்குவதற்காகச் சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்த தலைச்சோலைக்குச் சென்றிருந்தேன். அவ்வில்லத்திற்குக் காபித் தோட்டமொன்றில் மேற்பார்வை வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வந்தார். மலையாளிகள் என்று வழங்கப்பெறும் அம்மலையின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். கழுத்தில் துளஸி மணி. நெற்றியில் கோபீசந்தனத்தால் இரு கோடுகள், அவை கூடுமிடத்தில் மூக்கின்மேல் துளஸி இலை வடிவம். தோளில் ஜபமாலைப் பை. வீட்டார் கொடுத்த காபியை வணக்கத்துடன் மறுத்துவிட்டார். 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து வைத்த காபிச் செடியை நம்பியே வாழும் மலையில், அதே செடியைக் காத்துப் பிழைப்பவர் காபி பருகாதது எல்லோருக்கும் வியப்பாயிருந்தது.

ஞாயிறுதோறும் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேலத்திற்கு இறங்கி, அங்கிருந்து ஓமலூர்ச் சாலையிலுள்ள கருப்பூருக்குப் போய், ‘இஸ்கான்’ எனப்படும் அகில உலக கிருஷ்ண பக்திக் கழகத்தின் கோயிலில் பஜனையிலும் கீதை வகுப்பிலும் கலந்து வருவதாகச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, “சாமி, நான் போவது பெருமாள் வழிதானா? இல்லை, வெள்ளைக்காரர்கள் புதிதாக உண்டாக்கினதா? எங்கள் ஊரிலும் கேட்கிறார்கள், கீழே அக்ரஹாரத்துப் பெரியவர்கள் சிலரும் சிரிக்கிறார்கள்” என்றார்.

இக்கேள்வி நம்மில் பலர் உள்ளத்திலும் உள்ளதே. மேலைநாட்டுச் சமூகவியலார் இவ்வியக்கத்தைப் ‘புதிய சமய இயக்கங்கள்’ என்ற வரிசையில் வைத்து எழுதுகின்றனர். நம்மவரில் சிலர் அதனை ஏற்று விலக்குகின்றனர். வேறு சிலர் ‘எல்லாம் ஒன்றே’ என்று சொல்லி வேற்றுமையை ஆராயாமல் விடுகின்றனர். இரண்டும் ஆராய்ச்சியின்பாற்பட்டன அல்ல. ஒரு மதத்தைத் தத்த்வம், ஹிதம், புருஷார்த்தம் என்ற மூன்றினால் அளப்பதே நம் பூர்வாசார்யர்கள் காட்டிய நெறி. அந்நெறியை ஒட்டி, நம் ஸித்தாந்தத்தோடு இது எங்கே கூடுகிறது, எங்கே பிரிகிறது, இதில் உண்மையில் புதிதாயிருப்பது எது என்பவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

திருவரங்கத்துத் தொடர்பு

இவ்வியக்கத்தின் மூலபுருஷர் வங்கநாட்டு நவத்வீபத்தில் 1486இல் அவதரித்த ஸ்ரீ சைதன்யர். 1510இல் ஸந்யாஸம் ஏற்றபின் தென்திசை யாத்திரை புறப்பட்ட அவர், திருவரங்கத்தில் சாதுர்மாஸ்யத்தை நோற்றார் என்றும், அந்நான்கு மாதங்களும் வேங்கடபட்டர் என்ற ஸ்ரீவைஷ்ணவரின் திருமாளிகையில் தங்கினார் என்றும் கிருஷ்ணதாஸ கவிராஜரின் ‘சைதன்ய சரிதாம்ருதம்’ கூறும். அவ்வேங்கடபட்டரின் திருக்குமாரரே பிற்காலத்தில் பிருந்தாவனம் சென்று, அங்குள்ள ஆறு கோஸ்வாமிகளில் ஒருவராய் விளங்கிய கோபாலபட்டர். பிருந்தாவனத்து ராதாரமணர் ஸந்நிதி அவரால் ஏற்பட்டது. இன்றளவும் அங்குக் கைங்கர்யம் நடைபெற்று வருகிறது.

கௌடீயர்களின் ஆராதன முறை, தீக்ஷை, ஏகாதசி முதலிய விரதங்கள் ஆகியவற்றுக்கெல்லாம் ஆதாரமான ‘ஹரிபக்திவிலாஸம்’ என்னும் நிபந்தக்ரந்தம் கோபாலபட்டரின் திருநாமத்தோடு விளங்குகிறது. நம் திருக்கோயில்களில் வழங்கும் பாஞ்சராத்ர ஸம்ஹிதைகள் பலவற்றினின்று அதில் ப்ரமாணங்கள் எடுக்கப்பட்டுள்ளன. அவர்களின் தத்த்வநூல்களுள் தலையாயவை ஜீவகோஸ்வாமியின் ஆறு ‘ஸந்தர்ப்பங்கள்’. அவற்றின் தொடக்கத்திலேயே ஜீவகோஸ்வாமி, தென்னாட்டு அந்தணர் குலத்தில் பிறந்த பட்டர் ஒருவர் முன்னோராகிய வைஷ்ணவர்களின் நூல்களைத் தேர்ந்து எழுதியதையே தாம் ஒழுங்குபடுத்தி எழுதுவதாகச் சொல்கிறார். அம்முன்னோருள் எம்பெருமானாரும் உளர் என்பது அவர்களின் வ்யாக்யானத்திலேயே தெளிவு. ‘பரமாத்ம ஸந்தர்ப்ப’த்தில் ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைச் சொல்லுமிடத்தில், ஆத்மா ஞானஸ்வரூபன், ஞானகுணகன், அணு, பகவானுக்குச் சேஷபூதன் என்னும் இலக்கணங்களை ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாய குருவாகிய ஜாமாத்ருமுனியின் உபதேசமாகவே எடுத்தாள்கிறார். ஜாமாத்ரு என்பது மணவாளன் என்பதன் வடமொழி என்பதை நம் வாசகர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

ஆக, ஆத்மாவைப் பற்றிய அவர்களின் உபதேசத்தில் ஒரு பெரும்பகுதி காவேரிக்கரையிலிருந்து யமுனைக்கரைக்குப் போனது. பக்தி என்னும் பெண் த்ராவிட தேசத்தில் பிறந்து, கர்நாடகத்தில் வளர்ந்து, கூர்ஜரத்தில் மூப்பெய்தி, பிருந்தாவனத்தில் மீண்டும் இளமை பெற்றாள் என்று பாகவத மாஹாத்ம்யம் கூறும் வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் காண்பது அரிது.

தத்த்வத்தில் ஒற்றுமையும் வேற்றுமையும்

இனி வேற்றுமைகளைச் சொல்வோம். நம் தர்சனத்தில் சேதனாசேதனங்கள் எம்பெருமானுக்குச் சரீரம், அவன் சரீரி. அபேத ச்ருதிகளும் பேத ச்ருதிகளும் இச்சரீராத்ம பாவத்தினால் ஒருங்கே பொருந்துகின்றன. கௌடீயர் இவ்விடத்தில் சக்தி, சக்திமான் என்ற ஸம்பந்தத்தைக் கொண்டு, அந்தரங்கம், பஹிரங்கம், தடஸ்தம் என மூன்று சக்திகளைச் சொல்லி, ஜீவனைத் தடஸ்த சக்தியில் வைப்பர். சக்திக்கும் சக்திமானுக்கும் உள்ள பேதாபேதம் சிந்தனைக்கு அப்பாற்பட்டது என்பதால் அவர்கள் மதத்திற்கு அசிந்த்ய பேதாபேதம் என்று பெயர். நம்மவர் இங்கு எழுப்பும் சங்கை ஒன்றுண்டு. ச்ருதிகளுக்கு அசிந்த்யம் என்று விடாமலே சரீர ஸம்பந்தத்தால் பொருள் கூடுமாயின், சிந்தனையை நிறுத்துவது எதற்கு என்பதே அது. அதற்கு அவர்கள், ப்ரஹ்மத்தின் சக்தி தர்க்கத்திற்கு எட்டாதது என்பதற்குச் சாஸ்த்ரமே ப்ரமாணம் என்பர். இவ்விவாதம் வேதாந்தத்தின் எல்லைக்குள் நடப்பது. மாயாவாத கண்டனத்தில் இருவரும் ஒரே பக்கத்தில் நிற்பவர்.

இரண்டாவது வேற்றுமை பரத்வ நிர்ணயத்தில் உள்ளது. நமக்கு ஸ்ரீமந் நாராயணன் பரதத்த்வம். கண்ணன் அவனது விபவாவதாரம், பூர்ணாவதாரம். கௌடீயரோ பாகவத முதல் ஸ்கந்தத்து மூன்றாம் அத்யாயத்தை அடிப்படையாகக் கொண்டு, கண்ணனே ஸ்வயம் பகவான், வைகுண்டநாதன் அவனது விலாஸ மூர்த்தி என்பர். பரமபதத்திற்கும் மேலே கோலோக பிருந்தாவனம் என்று ஒரு நிலையைக் கொள்வர். இதற்குக் காரணம் ப்ரமாணங்களில் வைக்கும் முதன்மை. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் விஷ்ணுபுராணத்தையே பெரிதும் எடுத்தாண்டார். கௌடீயர் பாகவதத்தையே ப்ரஹ்மஸூத்ரத்திற்கு இயற்கையாய் அமைந்த பாஷ்யமாகக் கொண்டனர். நம்மில் வீரராகவாசார்யர் பாகவதத்திற்கு ‘பாகவதசந்த்ரிகை’ இயற்றியிருப்பினும், பரத்வத்தை அதனால் மாற்றவில்லை.

மூன்றாவது, பிராட்டியின் விஷயம். சைதன்ய சரிதாம்ருதத்தில், வைகுண்டநாதன் திருமார்பில் உறையும் லக்ஷ்மி கண்ணனோடு ராஸக்ரீடையை விரும்பித் தவமிருந்தது ஏன் என்று சைதன்யர் வேங்கடபட்டரை விளையாட்டாகக் கேட்கும் ஒரு ஸம்வாதம் உண்டு. விடையில் வேங்கடபட்டர் தோற்றதாகவே அந்நூல் அமைத்திருக்கிறது. நம் ஸித்தாந்தத்தில் அக்கேள்விக்கே இடமில்லை. பிராட்டி எம்பெருமானை ஒருபோதும் பிரியாதவள் என்றும், அவன் இராமனாகும்போது சீதையாகவும் கண்ணனாகும்போது ருக்மிணியாகவும் உடன் அவதரிப்பவள் என்றும் ஸ்ரீவிஷ்ணுபுராணம் சொல்லுமாதலால், கண்ணனை அடைய அவள் தனியே தவமிருக்கவேண்டியதில்லை. ராதையை அவர்கள் ஹ்லாதினீ சக்தியாகத் தலைமேல் வைப்பர். ஆழ்வார்களோ ஆயர்குலத்து நப்பின்னையைப் பேசினர். நாம் அவளை நீளாதேவியாக அறிகிறோம். இருப்பினும், கோபிகையின் நிலையில் நின்று அநுபவிப்பது என்பது நமக்கு வெளியே உள்ளதொன்றன்று. திருப்பாவையையும் திருவாய்மொழியில் பெண்பேச்சாக அமைந்த பதிகங்களையும் அநுஸந்திக்கும் எவரும் இதனை அறிவர்.

ஹிதமும் புருஷார்த்தமும்

அவர்கள் உபாயமாகக் கொள்வது ஸாதன பக்தி. அதிலும் கலியில் திருநாம ஸங்கீர்த்தனமே பிரதானம். பதினாறு திருநாமங்களும் முப்பத்திரண்டு அக்ஷரங்களும் கொண்ட மஹாமந்த்ரத்தை, நூற்றெட்டு மணிகொண்ட துளஸி மாலையில் நாளொன்றுக்குப் பதினாறு சுற்று ஜபிப்பது இஸ்கானில் தீக்ஷை பெற்றோருக்கு நியமம். அதாவது நாள்தோறும் 1,728 முறை மந்த்ரம், 27,648 முறை திருநாமம். இதனோடு நான்கு விலக்குகள்: புலால், மீன், முட்டை உண்ணாமை, மது முதலாகக் காபி, தேயிலை ஈறாக மயக்கமும் தூண்டுதலும் தரும் எதையும் கொள்ளாமை, சூதாடாமை, முறையற்ற காமம் விலக்கல். தலைச்சோலை இளைஞர் காபியை மறுத்ததன் காரணம் இதுவே.

ப்ரபத்தி அவர்களுக்கு அயலன்று. ஆனுகூல்ய ஸங்கல்பம் முதலிய ஆறு அங்கங்களோடு கூடிய சரணாகதியை ஹரிபக்திவிலாஸம் எடுத்துரைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பக்திவிநோத டாகூர் ‘சரணாகதி’ என்ற பெயரிலேயே வங்க மொழியில் பாடல் நூல் இயற்றி, அதனை அவ்வாறு அங்கங்களின்மேல் அமைத்தார். ஆனால் அவர்களுக்குச் சரணாகதி பக்தியின் வாயில். நமக்கோ ப்ரபத்தி தானே மோக்ஷ ஹேது.

இவ்வேறுபாடு சரம ச்லோக வ்யாக்யானத்தில் நன்கு விளங்கும். எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில், தர்மங்களைச் செய்துகொண்டே பலன், கர்த்ருத்வம் ஆகியவற்றைத் துறப்பது என்று ஒரு பொருளும், பக்தியோகம் தொடங்குவதற்குத் தடையான பாபங்களுக்குரிய ப்ராயச்சித்தங்களின் இடத்தில் தன்னைப் பற்றுவது என்று மற்றொரு பொருளும் அருளினார். ரஹஸ்ய க்ரந்தங்களில் அதுவே ஸ்வதந்த்ர ப்ரபத்திக்கு விதியாக விரிக்கப்பட்டது. தமிழில் ‘பகவத் கீதை உண்மையுருவில்’ என்று வழங்கும் இஸ்கானின் உரையோ, வர்ணாச்ரம தர்மம், ஞானம், யோகம் முதலிய பிற நெறிகளை விட்டுக் கண்ணனுடைய பக்தித் தொண்டில் நேரே இறங்குக என்று பொருள் கொள்கிறது. ஆளவந்தாரின் வாக்கை அவ்வுரை ஆதரவோடு எடுத்துக்காட்டுகிறது என்பதையும் கூறவேண்டும்.

புருஷார்த்தத்தில் அவர்கள் மோக்ஷத்தையும் கடந்த ஐந்தாவது புருஷார்த்தமாக ப்ரேமையைச் சொல்வர். முக்தியை இகழ்வது கண்டு நம்மவர் சிலர் மயங்குவதுண்டு. அவர்கள் இகழ்வது ஸேவையற்ற ஸாயுஜ்யத்தையே. நமக்கு மோக்ஷம் என்பதே எம்பெருமானின் அநுபவத்தில் விளையும் ப்ரீதியினால் செய்யப்படும் கைங்கர்யமாதலால், இவ்விடத்தில் சொல்லில் தோன்றும் வேற்றுமை பொருளில் அவ்வளவு பெரிதன்று.

கடல் கடந்த வரலாறு

இவ்வாறு ஸித்தாந்தம் பழையது. குருபரம்பரையும் தொடர்ந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜயபுரத்தை அடுத்த கல்தாவில், உங்களுக்கு ஸூத்ரபாஷ்யம் உண்டோ என்று ராமாநந்திகள் வினவியபோது, பலதேவ வித்யாபூஷணர் ‘கோவிந்த பாஷ்யம்’ இயற்றி விடையளித்தார். பாஷ்யமின்றி ஸம்ப்ரதாயம் இல்லை என்ற நியதியை அவர்களும் ஏற்றனர் என்பது இதனால் விளங்கும். பின்னர்ப் பக்திவிநோத டாகூரும் (1838–1914), அவர் குமாரர் பக்திஸித்தாந்த ஸரஸ்வதியும் கௌடீய நெறிக்கு அச்சுப்பொறியையும் ஆங்கிலத்தையும் துணையாக்கினர். பக்திஸித்தாந்தர் நிறுவிய கௌடீய மடங்கள் பாரதமெங்கும் கிளைத்தன. சென்னை இராயப்பேட்டையில் கௌடீய மடம் இருக்கும் சாலை அப்பெயராலேயே வழங்குகிறது.

பக்திஸித்தாந்தரை 1922இல் கல்கத்தாவில் கண்டவர் அபய் சரண் டே. 1896இல் பிறந்தவர், மருந்து வணிகம் செய்த க்ருஹஸ்தர். ஆங்கிலம் அறிந்தோரிடையே சைதன்யரின் உபதேசத்தைப் பரப்புக என்று முதற்சந்திப்பிலேயே கட்டளை கிடைத்தது. 1933இல் தீக்ஷை பெற்றார். 1959இல் ஸந்யாஸம் ஏற்று ஏ. சி. பக்திவேதாந்த ஸ்வாமி ஆனார். குருவின் கட்டளையை நிறைவேற்றக் கப்பலேறியது 1965 ஆகஸ்டு மாதத்தில். சிந்தியா கப்பல் நிறுவனத்தின் சுமதி மொரார்ஜி சரக்குக் கப்பலில் இலவசமாக இடமளித்தார். ‘ஜலதூதா’ என்ற அக்கப்பலில் இருமுறை மாரடைப்பு நேர்ந்தது. அறுபத்தொன்பது வயது நிரம்பியதும் நடுக்கடலிலேதான். செப்டம்பர் 17இல் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியபோது அவர் கையிலிருந்தவை சில ரூபாயும், தாம் மொழிபெயர்த்து அச்சிட்ட பாகவத முதல் ஸ்கந்தப் பிரதிகளுமே.

1966 ஜூலையில் நியூயார்க்கில் கழகம் பதிவாயிற்று. ஒரு சிறு கடையறையே முதற்கோயில். 1967இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஜகந்நாதரின் ரத யாத்திரை நடந்தது. 1969இல் ஜார்ஜ் ஹாரிஸனின் உதவியால் வெளியான மஹாமந்த்ர இசைத்தட்டு ஐரோப்பா முழுதும் ஒலித்தது. லண்டனுக்கு வடக்கேயுள்ள ஹெர்ட்பர்ட்ஷையரில் அவர் 1973இல் அளித்த மாளிகை இன்று பிரிட்டனிலுள்ள ஹிந்துக்கள் திரளும் பெருங்கோயிலாக உள்ளது. வழிபாட்டுக்கு வருவோரால் ஊர் அமைதி கெடுகிறது என்று எழுந்த வழக்கு 1996இல்தான் தீர்ந்தது. 1977 நவம்பர் 14இல் பிருந்தாவனத்தில் ஸ்வாமி திருநாட்டுக்கு எழுந்தருளும்போது, வந்திறங்கிய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாக் கண்டங்களிலும் கோயில்கள் ஏற்பட்டிருந்தன.

இரண்டு நீதிமன்றங்கள்

நம் கேள்வியையே இரண்டு அயல்நாட்டு நீதிமன்றங்கள் ஆராய நேர்ந்தது கவனிக்கத்தக்கது. 1977இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், இளைஞர்களின் மனத்தை வசியப்படுத்திச் சிறைப்பிடித்ததாக இயக்கத்தார்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு விசாரணைக்கு வந்தது. இது பாரதத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய உண்மையான சமயமே என்று கூறி நீதிபதி வழக்கைத் தள்ளினார்.

மற்றது ரஷ்யாவில். ஸோவியத் ஆட்சியில் 1971இல் ஸ்வாமி மாஸ்கோவில் ஐந்து நாள் தங்கி, ஓர் இளைஞருக்கு உபதேசித்துத் திரும்பினார். அதிலிருந்து பரவிய கூட்டத்தார் சிறைகளிலும் மனநோய் விடுதிகளிலும் அடைக்கப்பட்டனர். 1988இல்தான் பதிவு கிடைத்தது. பின்னர் 2011இல் ஸைபீரியாவின் டாம்ஸ்க் நகரில், ரஷ்ய மொழியிலுள்ள ‘உண்மையுருவில்’ கீதையைத் தீவிரவாத நூல் என்று தடைசெய்ய அரசு வழக்கறிஞர் கோரினார். நம் நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. அங்கே அரசுத்தரப்பு, தாங்கள் கீதையைக் குறை கூறவில்லை, அதற்கு எழுதப்பட்ட உரையையே எதிர்க்கிறோம் என்றது. மூலத்தையும் வ்யாக்யானத்தையும் பிரித்துவிடலாம் என்பது அவர்களின் எண்ணம். வ்யாக்யானமின்றி மூலத்தை ஒருபோதும் ஓதாத நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். எந்த ஸம்ப்ரதாயத்துக்கும் உரையே உயிர். அதைத் தடுத்தால் நூல் அலமாரியில் இருக்கும், சமயம் இராது. 2011 டிசம்பர் 28இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 2012 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அன்று வென்றது அவர்களின் உரை மட்டுமன்று. உரை சொல்லும் உரிமை உள்ள நம் எல்லோருடையதுமாம்.

புதிதாயிருப்பது எது?

ஆயின் இதில் புதுமையே இல்லையோ எனில், உண்டு. ஸித்தாந்தத்தில் அன்று, ஸங்க அமைப்பில்.

முதலாவது, பிறப்பைப் பாராமல் எத்தேசத்தாருக்கும் தீக்ஷையும் யஜ்ஞோபவீதமும் அர்ச்சா திருமேனியைத் தீண்டி ஆராதிக்கும் அதிகாரமும் கொடுத்தது. இதற்கு அவர்கள் காட்டும் ப்ரமாணம், ரஸவாதத்தால் வெண்கலம் பொன்னாவது போலத் தீக்ஷையினால் மனிதர் த்விஜராவர் என்று ஹரிபக்திவிலாஸம் எடுத்துக்காட்டும் வசனம். நம் ஆகமங்களின்படி திருக்கோயில் ஆராதனத்தில் இது செல்லாது. ஆனால் பஞ்சஸம்ஸ்காரத்துக்கும் ரஹஸ்யார்த்த ச்ரவணத்துக்கும் பிறப்பு தடையன்று என்பதில் நமக்கு ஐயமுண்டோ? திருப்பாணாழ்வாரும் மாறனேர் நம்பியும் பிள்ளை உறங்காவில்லி தாஸரும் எந்த ஸம்ப்ரதாயத்தவர்? பாகவதர்களிடத்தில் ஜந்ம நிரூபணம் கூடாது என்பதைப் பிள்ளை லோகாசார்யரைவிடக் கடுமையாகச் சொன்னவர் யார்?

இரண்டாவது, ஆசார்ய ஸ்தானத்தை நிர்வாகக் குழுவோடு பிணைத்தது. ஸ்வாமி 1970இல் ஒரு நிர்வாகக் குழுவை ஏற்படுத்தினார். 1977இல் தீக்ஷைச் சடங்கில் தம் பிரதிநிதிகளாகப் பதினொரு சிஷ்யர்களைக் குறித்தார். அவருக்குப்பின் அப்பதினொருவரும் உலகைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு ஆசார்யர்களாயினர். பத்தாண்டுகளுக்குள் அவர்களில் பலர் நிலைதவறினர்; அவ்வேற்பாடே மாற்றப்பட்டது. குருகுலங்களில் விடப்பட்ட குழந்தைகள் கொடுமைக்குள்ளானமை அதனினும் பெருந்துயரம். 1998இல் இயக்கத்தின் ஆய்விதழே அதனை வெளியிட்டது. குழந்தைப் பாதுகாப்புக்கென அலுவலகமும் அவ்வாண்டில் ஏற்பட்டது. இன்றும் ஒரு சாரார், மறைந்த ஸ்வாமி ஒருவரே தீக்ஷா குரு, பின்னுள்ளோர் சடங்கு நடத்துவோரே என்கின்றனர். பெங்களூரு அமைப்புக்கும் மும்பைத் தலைமைக்கும் நீதிமன்றங்களில் நெடுங்காலம் நடந்த வழக்கில் சொத்துக் கேள்விக்குப் பின்னால் இக்கருத்து வேறுபாடும் நிற்கிறது.

இச்சிக்கலுக்கு நம் பூர்வர்கள் முன்பே விடை கண்டனர் என்று அடியேன் கருதுகிறேன். ‘சரமோபாய நிர்ணயம்’ முதலிய நூல்களில் உத்தாரக ஆசார்யர், உபகாரக ஆசார்யர் என்று ஒரு விபாகம் உண்டு. உத்தரிப்பிப்பவர் எம்பெருமானார்; அவர் திருவடிகளில் நம்மைச் சேர்ப்பிக்கும் இன்றைய ஆசார்யர் உபகாரகர். ஆகையால் எம்பெருமானார் கண்ணுக்குத் தெரியாமல் எழுந்தருளியிருந்தாலும் ஸம்பந்தம் அறுவதில்லை. உபகாரகரிடம் குறை தென்பட்டாலும் ரக்ஷணம் குலைவதில்லை. அதற்காக உபகாரகர் வேண்டாதவராகவும் ஆவதில்லை. எழுபத்துநான்கு ஸிம்ஹாஸனாதிபதிகளை அமைத்ததன் கருத்தும் இதுவே. தீர்மானம் எழுதி ஒருவரை ஆசார்யராக்க இயலாது. பலகாலம் ஒருவரின் நிழலில் இருந்து கற்றதனால் அது வரவேண்டும். வேகமாகப் பரந்த இயக்கத்துக்கு அக்காலம் கிடைக்கவில்லை.

நமக்கோ காலம் கிடைத்தது. கிடைத்ததை நாம் எவ்வாறு செலவிட்டோம் என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையன்று. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இதே மலையிலிருந்து வந்த ஒரு பெரியவர், அடியேனிடம் திருப்பாவைக்குப் பொருள் கேட்க விரும்பினார். சேர்வராயன், கல்வராயன் மலைகளில் வாழும் அம்மக்கள், தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்று சொல்லிக்கொள்பவர். கரியராமன் என்ற திருநாமத்தில் எம்பெருமானை வழிபடும் வழக்கமும் அவர்களிடையே உண்டு. ‘மார்கழியில் வாரும், பார்ப்போம்’ என்றேன். மார்கழியில் அவர் வந்தார். திருப்பள்ளியெழுச்சிக் கைங்கர்யம், ஊரார் கோஷ்டி என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். இரண்டு நாள் மண்டபத் தூணருகே நின்றுவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை. தகப்பனார் மடியில் அமர்ந்து, கேளாமலே எல்லாம் கற்ற எனக்கு, கேட்டும் கிடைக்காதவரின் நிலை அன்று தோன்றவில்லை. அவர் ஊர் தலைச்சோலைக்கு அருகே என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நிகமனம்

மறுநாள் அவ்விளைஞருக்குச் சொன்ன விடையையே இங்கும் எழுதுகிறேன். “தம்பி, நீர் போவது பெருமாள் வழியே. அது சைதன்யர் வழி, எம்பெருமானார் வழியன்று. இரண்டும் வேதாந்தத்தில் வேர் கொண்டவை. இரண்டுக்கும் தத்த்வத்தில் வேற்றுமை உண்டு. அங்கே உம் ஆசார்யர் ஒழுக்கமுள்ளவரா என்று ஆராய்ந்து பற்றும். பற்றியபின் திருநாமத்தை விடவேண்டாம். உங்கள் மலையில் பாட்டிமார் சொல்லும் கரியராமன் கதையையும் மறக்கவேண்டாம்” என்றேன். “திருப்பாவைக்குப் பொருள் சொல்வீர்களா?” என்று கேட்டார். மார்கழிவரை காத்திருக்கச் சொல்லவில்லை. அன்று மாலையே முதற்பாசுரத்தைத் தொடங்கினேன். தலைச்சோலையை விட்டு இறங்கும்வரை ஐந்து பாசுரங்கள் ஆயின. எஞ்சியவை தொலைபேசியில் நடந்து வருகின்றன. அவரோடு தோட்டத்து வேலையாட்கள் நால்வரும் கேட்கிறார்கள்.

‘ஹரே கிருஷ்ண இயக்கம் புதிய மதமா’ என்ற வினாவுக்கு, ஸித்தாந்தத்தால் அன்று, ஸங்க அமைப்பினால் புதிது என்பதே விடை. அவர்களை நோக்கிச் சிரிப்பதற்கு முன், திருவரங்கத்தினின்று போன பட்டர் ஒருவரின் நூலை அவர்கள் போற்றிப் பின்பற்றுவதை நாம் அறியவேண்டும். அவர்களோடு கலந்துவிடுவதற்கு முன், நம் வ்யாக்யானங்களை நாம் கற்றிருக்கவேண்டும். கற்றதை, கேட்டு வருபவருக்குக் கேட்ட அன்றே சொல்லவேண்டும்.